நீல டிரம்முக்குப் பதிலாக நின்றது

"பொருள்: தேர்வு மைதானத்தினுள் பயிற்றுநர் அடையாளப் பொருளாக நின்றது குறித்து விளக்கம் கோருதல். மே 26 அன்று காலை 10.20 மணியளவில், கனரக வாகனத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, தங்கள் பள்ளியின் பயிற்றுநர், தேர்வு வாகனத்தின் பின்புறம், வழக்கமாகத் தண்ணீர் டிரம் ஒன்று இருக்கும் இடத்தில், அந்த டிரம்முக்குப் பதிலாக நின்றிருந்தது நேரில் காணப்பட்டது."

அந்தப் பயிற்றுநர் நான்தான். கடிதத்தின் அசல் ஏதோ ஓர் அரசுக் கோப்பில் இருக்கிறது. நகல் என்னிடம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அத்தனை காலத்தில் அரசு முத்திரையோடு என்னைப் பற்றி எழுதப்பட்ட ஒரே ஆவணம் இதுதான் என்பதால், பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பாதுகாத்து வருகிறேன். கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். கல்வெட்டோ மெமோவோ, நடந்ததை நடந்தபடி சொல்லும் வாக்கியத்துக்கு மரியாதை கொடுக்கத் தெரியும். 'டிரம்முக்குப் பதிலாக' என்பதைவிடச் சுருக்கமாக நான் அன்று செய்ததைச் சொல்லிவிட முடியாது.

தேதியில்லாமல் எதையும் எழுதாதவன் நான். இருந்தும் ஆண்டை இங்கே விட்டுவிடுகிறேன். மெமோ எழுதிய மோட்டார் வாகன ஆய்வாளர் இன்னும் பணியில் இருக்கிறார். மற்ற எல்லாம் என் டைரியில் உள்ளபடியே.

இதை இப்போது எழுதக் காரணம் பிரபு. நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்த பயிற்றுநர். போன மாதம் வீட்டுக்கு வந்து, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"சார், இனிமே இன்ஸ்பெக்டர் கண்ணால பாத்து முடிவு பண்ண மாட்டாங்களாம். எல்லாம் கேமரா, சென்சார்தானாம். கம்பத்துல லேசா பட்டாலே மிஷினே ஃபெயில் போட்ருமாம்."

"நல்லதுதானே."

"நல்லதுதான் சார். ஆனா புது கிரவுண்டுல மரமும் கெடையாது, டிரம்மும் கெடையாது. எத அடையாளம்னு சொல்லிக் குடுக்கறது?"

வெளியாட்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைத் தவிர வேறு கேள்வியே கிடையாது.

ஹெவி லைசென்ஸ் தேர்வில் பேருந்தை முன்னால் ஓட்டுவது பெரிய விஷயமில்லை. நட்டு வைத்த கம்பங்களுக்கு நடுவே பின்னால் கொண்டுபோய், எதிலும் உரசாமல், நேராக நிறுத்த வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. வண்டியின் நீளத்தையும் திரும்பும் அளவையும் உடம்பில் ஏற்றிவிடுவது ஒன்று; அதற்கு மாதங்கள் ஆகும். மைதானத்தில் இருக்கும் பொருட்களைக் காட்டி, 'இது கண்ணாடியில் தெரிந்தால் இவ்வளவு திருப்பு' என்று மனப்பாடம் செய்ய வைப்பது இன்னொன்று. அதற்கு ஒன்பது நாள் போதும். எங்கள் பள்ளியின் பயிற்சிக்காலம் பத்து நாள்.

என்னுடைய பயிற்சியையே நான் இப்படித்தான் பெற்றேன். கணக்கு எழுத வந்தவனை, பயிற்றுநர் சொல்லாமல் நின்றுவிட்ட ஒரு காலை, முதலாளி ஸ்டியரிங் பக்கம் தள்ளிவிட்டார். அந்த நாளில் மைதானத்து அடையாளம், ஓரமாகத் துருப்பிடித்துக் கிடந்த ஒரு ரோடு ரோலர். நான் தேர்வுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு யாரோ அதைப் பழைய இரும்புக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். எங்கள் குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் ஃபெயில். ஒரு மனிதன் இதிலிருந்து பல பாடங்களைக் கற்றிருக்கலாம். நான் கற்றது, துருப்பிடித்த எதையும் அடையாளமாக வைக்கக்கூடாது என்பது. அதனால்தான் பிளாஸ்டிக் டிரம்மைத் தேர்ந்தெடுத்தேன்.

மைதானத்தின் மேற்குச் சுவரை ஒட்டி டீக்கடை வைத்திருந்த செல்வியம்மாவின் தண்ணீர் டிரம் அது. நீல நிறம். அதில்தான் டம்ளர் கழுவுவார். கழுவி ஊற்றிய தண்ணீரால் டிரம் இருந்த இடம் மெல்லப் பள்ளமாகி, டிரம் அதில் பதிந்து உட்கார்ந்திருந்தது. இதைவிட அசையாத பொருள் இருக்க முடியாது என்று நினைத்தேன். வேப்பமரத்திலிருந்து அதன் தூரத்தை டேப் வைத்து அளந்து வரைபடமே போட்டிருந்தேன். மாணவர்களுக்குச் சொல்வது மூன்றே வரி: வலது கண்ணாடியில் வேப்பமரம் வந்தால் ஸ்டியரிங் ஒன்றரைச் சுற்று. இடது கண்ணாடியில், அதாவது கிளீனர் பக்கத்துக் கண்ணாடியில், கீழ் ஓரத்தில் டிரம் வந்தால் நேராக்கு. சுவரில் எண்ணெய்க் கறை வந்தால் பிரேக். என் மாணவர்கள் தேர்வில் தேறினார்கள். தேறியபின் வேப்பமரமும் நீல டிரம்மும் இல்லாத ஊர்களில் எப்படிப் பின்னால் எடுத்தார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

ரஹீம் பாய் எங்களிடம் வந்தது ஏப்ரல் 3. வயது நாற்பத்தாறு, பாலக்கரைக்காரர். அரியமங்கலம் பட்டறை ஒன்றில் லோடு லாரி ஓட்டினார், ஒன்பது வருடம். பிறகு வளைகுடாவில் பதினாலு வருடம்: முதலில் தண்ணீர் டேங்கர், கடைசி ஆறு வருடம் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்து. அங்கே இருந்தபோது இங்கே லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. நாட்கள் அதிகம் கடந்துவிட்டதால் மறுபடி தேர்வுக்கு நிற்க வேண்டும். துறையூர் சாலைப் பக்கம் ஒரு பள்ளியில் பேருந்து ஓட்ட ஆள் எடுத்தார்கள். அவருடைய மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை. இல்லாவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருந்தார்.

"இது கெடைக்கலேன்னா மறுபடி ஏற வேண்டியதுதான் சார்" என்றார். ஏறுவது என்றால் விமானம். "ஏஜெண்டு பாஸ்போர்ட்டக் கேட்டுட்டே இருக்கான். புள்ளைக்கு நான் வாப்பா இல்ல சார், லீவுல வர்ற விருந்தாளி. போன தடவ வந்தப்ப எனக்கு டீயில எவ்வளவு சீனின்னு அவங்கம்மாகிட்ட கேக்குது."

முதல் நாள் பயிற்சிக்கு வந்தவர் வண்டியில் ஏறவில்லை. முன்னால் தொடங்கி, இடது பக்கமாக நடந்து, பின்னால் குனிந்து பார்த்து, வலது பக்கமாக வந்தார். எங்கள் பேருந்து ஒரு பழைய ரூட் பஸ். பெயிண்டுக்கு அடியில் பழைய முதலாளியின் பெயர் இன்னும் தெரியும்.

"என்ன பாய், வாங்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், பழக்கம். அங்க ரிவர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து நடக்கணும். கம்பெனி ரூல்."

"கம்பெனி ரூல் சரி. இங்க நம்ம ரூல் வேற. இறங்கக் கூடாது."

அவர் சிரித்தார். ஆனால் ரிவர்ஸ் கியர் போடுவதற்கு முன் மறுபடி இறங்கினார். ஹேண்ட் பிரேக் இழுத்து, நியூட்ரலாக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டு, ஒரு சுற்று நடந்து, திரும்ப ஏறினார். என் கடிகாரத்தில் ஒரு நிமிடம் நாற்பது வினாடி. மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் கோபமாகவே கேட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு கூட்டாளி இருந்தான் சார்" என்றார். "வெயிலுக்கு டேங்கருக்குப் பின்னாடி நெழல்ல படுத்திருந்தான்."

"நீங்களா ஓட்டுனீங்க?" என்றேன்.

"நான் ஓட்டல. பக்கத்து சீட்டுல இருந்தேன். நானும் இறங்கிப் பாக்கல."

ஆனால் தேர்வு தேர்வுதான். மரம், டிரம், சுவர் மூன்றையும் சொல்லிக்கொடுத்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் பாட்டுக்கு இரண்டு கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்து வண்டியைக் கொண்டுபோய்க் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தினார்.

"டிரம்ம பாக்கலியே பாய்?"

"டிரம்ம பாத்துட்டு இருந்தா, மத்தத யாரு சார் பாக்கறது? அது சரி, அந்தம்மா டிரம்ம எடுத்துட்டாங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஒம்பது வருஷமா அங்கதான் இருக்கு."

இனி ஆய்வாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக்கி உடையில் மடிப்புக் கலையாதவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வண்டியில் ஏறியதும் இடது முன் இருக்கையில் அமர்வார், கைக்கடிகாரத்தைக் கழற்றி டேஷ்போர்டில் வைப்பார், கண்ணாடியைத் துடைப்பார், "நான் இல்லேன்னு நெனச்சு ஓட்டுங்க" என்பார். அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவரைத் தவிர வேறு எதையும் யாராலும் நினைக்க முடியாது. முடிந்ததும் பாஸ், ஃபெயில் என்று வாயால் சொல்ல மாட்டார். "பேரு ஒரு தடவ சொல்லுங்க" என்றால் பாஸ். பெயரைப் படிவத்தில் எழுத வேண்டும் அல்லவா? "அடுத்தது யாரு?" என்றால் ஃபெயில். இந்த இரண்டு வாக்கியங்களில் எது வரும் என்று மைதானத்தில் முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அவருடைய பதில் "ம்."

மே 9, முதல் தேர்வு. எங்களில் ஐந்து பேர். நான்கு பேர் மரத்தையும் டிரம்மையும் நம்பி, அம்பு போலப் பின்னால் போய்த் தேறினார்கள். அவர்களில் ஒருவர் கடைசி வரை பின்னால் பார்க்கவே இல்லை. ரஹீம் பாய் கம்பங்களுக்கு முன்னால் வந்து நிறுத்தினார்; ஹேண்ட் பிரேக், நியூட்ரல், இன்ஜின், சாவி. இறங்கினார். ஒரு சுற்று நடந்தார். ஏறி உட்கார்ந்தபோது ஆய்வாளர் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டிருந்தார்.

"தேர்வு ஆரம்பிச்சப்புறம் சீட்ட விட்டு எந்திரிச்சா அதோட முடிஞ்சுது. அடுத்தது யாரு?"

மே 17, இரண்டாவது தேர்வு. இறங்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ரிவர்ஸ் கியர் போட்டார். வண்டி நகரவில்லை. முழுதாக ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார்; பிறகு கதவைத் திறந்து இறங்கினார். "அடுத்தது யாரு?"

போகும் வழியில் ஆய்வாளர் என் பக்கத்தில் நின்றார். "சார், இவரு வேலைக்குப் போற ஸ்கூல்லயும் ஒரு நீல டிரம் வாங்கி வெக்கச் சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் அசடாகச் சிரித்தேன். ஒன்பது வருட ரகசியம் என்று நான் நினைத்திருந்தது அவருக்கு எத்தனை வருடமாகத் தெரியும் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது முறையும் தோற்றால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அறுபது நாள் என்றால் ஜூலை கடைசி. பள்ளி அதற்குள் வேறு ஆளை வைத்துவிடும். பாய் விமானம் ஏறியிருப்பார். மே 25 மாலை அவரை உட்கார வைத்துப் பேசினேன்.

"இந்த ஒரே ஒரு தடவ இறங்காதீங்க பாய். பாஸாயிட்டு, ஆயுசு பூரா இறங்கிப் பாருங்க. யார் கேக்கப் போறா?"

"ஒரு தடவ பாக்காம எடுத்து ஒண்ணும் ஆகலேன்னா, அடுத்த தடவையும் தோணாது சார். அப்படியே பழகிடும்."

"புள்ளைய நெனச்சுக்கங்க."

அது நியாயமான ஆயுதம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சார். நீங்க சொல்ற மாதிரி மரம், டிரம், சுவரு. இறங்கல. ஆனா பின்னாடி யாரும் இல்லேங்கறது உங்க பொறுப்பு."

"என் பொறுப்பு" என்றேன். டைரியில் அந்த வரிக்குக் கீழே பிற்பாடு சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன்.

அன்றிரவு கோடைமழை பெய்தது. மே 26 காலை ஒன்பதே முக்காலுக்கு நான் போனபோது, மைதானம் சேறும் ஈரமுமாக இருந்தது. வேப்பமரம் இருந்தது. சுவரில் எண்ணெய்க் கறை இருந்தது. டிரம்மைக் காணோம்.

டிரம் டீக்கடைக்கு மறுபுறம் போயிருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து தூக்கினாலொழிய நகராத, கழுத்துவரை தண்ணீர் நிறைந்த டிரம். செல்வியம்மா கூட்டத்துக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார், கேட்கக்கூட முடியவில்லை. ரஹீம் பாய் புதுக் காக்கிச் சட்டை போட்டு வந்திருந்தார். பள்ளி வேலைக்கென்று தைத்தது. தேர்வுக்கு முன்பே தைத்திருந்தார். எங்கள் வரிசையில் அன்று அவர் ஒருவர்தான்.

"டிரம் போச்சு சார்" என்றார், ஏதோ வானிலை சொல்வதுபோல.

நான் வரைபடத்தை வெளியே எடுத்தேன். மரத்திலிருந்து அடி அளந்து நடந்தேன். டிரம் இருந்த இடத்தை மழைச்சேறு மூடியிருந்தாலும், ஓரடி முன்பின்னாகக் கண்டுபிடித்தேன். எங்கள் பள்ளியின் சீருடைச் சட்டை நீல நிறம். இது தற்செயல்தான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு தீர்வாகத் தோன்றியது.

"பாய், நான் அங்க நிக்கறேன். கிளீனர் சைடு கண்ணாடில, கீழ ஓரத்துல நான் தெரிஞ்சா நேராக்கிடுங்க. என்னைய டிரம்முன்னு நெனச்சுக்கங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெசமாத்தான் சொல்றீங்களா சார்?"

"நேரமில்ல பாய், ஏறுங்க."

"அசையாம நிப்பீங்களா?"

"டிரம் அசையுமா?"

ஆய்வாளர் ஏறினார். நான் கூட்டத்துக்குப் பின்னால் சுற்றி வந்து, என் இடத்தில் நின்றேன். 10.20. பேருந்து முன்னால் போய், நின்று, ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. அவர் இறங்கவில்லை. பின்பக்கம் மெதுவாக என்னை நோக்கித் திரும்பியது. மரம்: ஒன்றரைச் சுற்று. அழகாகத்தான் வந்தது. இவ்வளவு வருடமாக நான் மாணவர்களுக்குக் காட்டிய இடத்திலிருந்து, அந்தக் காட்சி எப்படி இருக்கும் என்று அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பின்கண்ணாடி முழுக்க மேகம். ஓட்டுபவர் முகம் தெரியவில்லை. அவருக்கும் என் முகம் தெரிந்திருக்காது. கண்ணாடியில் ஒரு நீலத் துணுக்கு, அவ்வளவுதான்.

சரியாக நிற்க வேண்டும் என்று அரையடி பின்னால் நகர்ந்தேன். ஒன்பது வருடம் டிரம் உட்கார்ந்து உண்டாக்கிய பள்ளம், சேற்றால் மூடி, அங்கேதான் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழ்வரை உள்ளே போனது. செருப்பு உள்ளேயே நின்றது, நான் நிற்கவில்லை. பக்கவாட்டில், வண்டி வரும் தடத்தின் குறுக்காக விழுந்தேன். கணுக்காலில் ஏதோ பிசகியது. எழ முயன்றேன், முடியவில்லை. கத்தினேனா என்று நினைவில்லை. கூட்டத்தில் யாரோ கத்தியதாக டைரியில் எழுதியிருக்கிறேன். இன்ஜின் சத்தத்தில் அது எட்டியிருக்காது.

வண்டி நின்றது.

அந்த ஒலிகளின் வரிசை எனக்குத் தெரியும்: ஹேண்ட் பிரேக் கரகரப்பு. கியர் நியூட்ரலுக்கு வரும் தடக். இன்ஜின் ஓய்ந்தது. சாவி. கதவு. பிறகு நிதானமான காலடிகள், முன்பக்கம் தொடங்கி, இடது பக்கமாக. அவசரத்தில்கூட அவர் வலது பக்கமாகக் குறுக்கே வரவில்லை.

என் பக்கத்தில் வந்து குனிந்தார். முகம் வெளுத்திருந்தது. "டிரம் எங்க போச்சுன்னு பாக்க வந்தேன் சார்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரல். பின்சக்கரத்துக்கும் என் முழங்காலுக்கும் இருந்த தூரத்தைப் பிறகு அளக்கச் சொன்னேன். நான்கு அடி இரண்டு அங்குலம்.

அடுத்த கணம் எனக்குப் புரிந்தது: அவர் இறங்கிவிட்டார். மூன்றாவது முறை.

ஆய்வாளர் மெதுவாக வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்.

"இங்க எதுக்கு சார் உக்காந்திருக்கீங்க?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. வலியில் உண்மைதான் முதலில் வந்தது. "டிரம்முக்குப் பதிலா, சார்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. "ம்" என்றார். பாயைத் திரும்பிப் பார்த்தார். "எதுக்கு நிறுத்துனீங்க?"

"கண்ணாடில இவரு காணாமப் போயிட்டாரு சார். டிரம்முன்னா காணாமப் போகாது. மனுசன்தான் போவான்."

"ம். ஏறுங்க. மிச்சத்த முடிங்க."

பாய் ஏறவில்லை. "ஒரு சுத்து பாத்துட்டு ஏறட்டுமா சார்?"

"இப்பத்தான பாத்தீங்க?"

"அப்ப இவரு படுத்திருந்தாரு. இப்பத் தூக்கி எங்க உக்கார வெக்கறாங்கன்னு பாக்கணும்ல சார்."

ஆய்வாளர் கையோடு எடுத்து வந்திருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மைதானத்தில் அதுவரை யாரும் கேட்டிராத அனுமதி அது. "பாருங்க" என்றார்.

என்னை டீக்கடை பெஞ்சுக்குக் கொண்டுபோனார்கள். ரஹீம் பாய் ஒரு சுற்று நடந்து, ஏறி, மரமும் இல்லாமல் டிரம்மும் இல்லாமல் நானும் இல்லாமல், பேருந்தைக் கம்பங்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். இருபுறமும் ஒரே இடைவெளி. ஒன்பது நாளில் யாருக்கும் என்னால் கற்றுத்தர முடியாத வேலை அது.

ஆய்வாளர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். "பேரு ஒரு தடவ சொல்லுங்க."

"அப்துல் ரஹீம், சார்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கைதட்டினேன். ஆய்வாளர் இறங்கி என்னிடம் வந்தார். அதே பேனா, வேறு காகிதம். "உங்க பேரையும் ஒரு தடவ சொல்லுங்க சார்" என்றார். அவருடைய இந்த வாக்கியத்தை அதுவரை நான் நல்ல செய்தியாக மட்டுமே அறிந்திருந்தேன்.

மெமோ நான்காம் நாள் வந்தது. மேலே தந்தது அதன் முதல் பத்தி. இரண்டாம் பத்தியில், ஆறு மாத காலம் நான் மைதானத்துக்குள் வரக்கூடாது என்று இருந்தது. மூன்றாம் பத்தியைத்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன்: "தேர்வர் உரிய நேரத்தில் வாகனத்தை நிறுத்தி, இறங்கிப் பார்த்தமையால் அசம்பாவிதம் தவிர்க்கப்பட்டது." மே 9 அன்றும் மே 17 அன்றும் ஃபெயிலுக்குக் காரணமான அதே இறக்கம், மே 26 முதல் 'உரிய நேரத்தில்' என்ற பட்டத்தோடு அரசுக் கோப்பில் ஏறிவிட்டது. விதி மாறவில்லை, விதிக்குப் பின்னால் ஓர் ஆள் விழுந்து கிடக்க வேண்டியிருந்தது.

முதலாளி மெமோவை இரண்டு முறை படித்தார். "இத்தன வருஷம் பசங்களுக்கு டிரம்மக் காட்டுனீங்க, சரி. நீங்களே ஆயிட்டீங்களே சௌந்தர் சார்" என்றார். அலுவலகத்தில் என் பெயர் டிரம் சார் ஆனது. தடை முடிந்தபோது ஓய்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அந்த மாதத்தை மறுபடி கணக்கு எழுதிக் கழித்தேன்.

ரஹீம் பாய் ஜூனில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருடம் அவருடைய தடம் மாறி, அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய எங்கள் தெருவுக்கும் வண்டி வரத் தொடங்கியது. எங்கள் தெரு முட்டுச்சந்து. தினமும் காலை 7.50க்கு வண்டி இங்கே வந்து பின்னால் எடுத்துத் திரும்ப வேண்டும். தினமும் அவர் இறங்கி ஒரு சுற்று நடக்கிறார். இப்போதும் ஒரு நிமிடம் நாற்பது வினாடி. பின்னால் இரண்டு சக்கர வண்டிகள் ஹாரன் அடிக்கும். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஒருநாள் கேட்டார்: "என்ன பாய், தெனம் பிரதட்சணமா? பெருமாள் வண்டிக்குள்ளயா இருக்காரு?"

"உள்ள நாப்பது பேரு இருக்காங்க தம்பி" என்றார் பாய், நடப்பதை நிறுத்தாமல்.

மூன்றாவது ஜன்னலில் அவருடைய மகள் உட்கார்ந்திருக்கும். வாப்பா ஒவ்வொரு நாளும் எல்லோர் முன்னிலையிலும் இப்படி நடப்பது அதற்கு வெட்கமாக இருக்கிறது என்று அவரே சொன்னார். சொல்லும்போது அவ்வளவு மகிழ்ச்சியான முகத்தை நான் பார்த்ததில்லை. விருந்தாளியைப் பார்த்து யாரும் வெட்கப்படுவதில்லை அல்லவா?

பிரபுவின் கேள்விக்கு, "கண்ணாடியப் பாக்கச் சொல்லுங்க" என்றேன். "பத்து நாள்ல எப்படி சார்?" என்றார். மெமோவின் நகலைப் படிக்கக் கொடுத்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் இன்னும் தீர்க்க முடியவில்லை: அன்று டிரம்மை நகர்த்தச் சொன்னது யார்? செல்வியம்மாவிடம் இருமுறை கேட்டேன். முதல் முறை, "பள்ளமாப் போச்சு சார், நானாத்தான் நகத்துனேன்" என்றார். இரண்டாம் முறை, "காலைல வெள்ளன ஒரு காக்கிச் சட்டக்காரரு வந்து, ஆள் வெச்சு நகத்திக் குடுத்தாரு" என்றார். எந்தக் காக்கி என்றதற்கு, "இருட்டுல காக்கி எல்லாம் ஒண்ணுதான்" என்றுவிட்டார். அன்று மைதானத்தில் காக்கி உடுத்தியிருந்தவர்கள் இருவர். ஆய்வாளரை ஒருமுறை முக்கொம்பில் குடும்பத்தோடு பார்த்தேன், கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு "ம்" என்றார். ரஹீம் பாயிடமும் கேட்டேன். "நகத்துனது நல்லதாப் போச்சுல்ல சார்?" என்றார்.

இருவரில் யார் என்பது, இதை எழுதும் நாள்வரை, உறுதி செய்யப்படவில்லை.